இருபத்தேழாவது வளைவில் வில்லனுக்கு வாந்தி

திரைக்கதையின் முதல் காட்சி இப்படித் தொடங்கியது: 'இரவு. வெளிப்புறம். கொல்லிமலைச் சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் நாயகனின் ஜீப் 120 கிலோமீட்டர் வேகத்தில் சீறுகிறது. பின்னால் வில்லனின் ஆறு ஸ்கார்ப்பியோ.'

எழுதியவர் சாலிகிராமத்து உதவி இயக்குநர் ஒருவர். இத்தனை காலம் அடுத்தவர் படங்களுக்கு கிளாப் அடித்தவருக்கு இப்போதுதான் சொந்தக் கதை வாய்த்திருக்கிறது. ஒரே இரவு, ஒரே மலை, எழுபது வளைவு. நாயகி கிடையாது, பாட்டு கிடையாது. 2019 தீபாவளிக்கு 'கைதி' வந்ததிலிருந்து கோடம்பாக்கத்தில் பாதிப் பேர் பையில் இருப்பது இந்தக் கதைதான். மீதிப் பேர் கதையில் நாயகி மட்டும் உண்டு.

கொல்லிமலையை அவர் பார்த்தது கைப்பேசியில், ட்ரோன் எடுத்த படமாக. ட்ரோனுக்குத் தலை சுற்றாது. அதுதான் அதில் உள்ள வசதி. மேலேயிருந்து பார்க்கும்போது காட்டுக்கு நடுவே சாலை அழகாக வளைந்து வளைந்து போகிறது, பொம்மைக் கார்கள் வழுக்கிக்கொண்டு ஏறுகின்றன. பின்னணி இசையை உரக்க வைத்துவிட்டால் சேஸிங் பாதி முடிந்த மாதிரி. தயாரிப்பாளர்தான் கொஞ்சம் பழைய ஆள். "ஒருக்கா நேர்ல போய்ப் பாத்துட்டு வா, அப்பறம் ஸ்கார்ப்பியோ எத்தனைன்னு பேசலாம்" என்று பஸ் காசு கொடுத்து அனுப்பினார். ஸ்கார்ப்பியோ வாடகையோடு ஒப்பிட்டால் பஸ் காசு மிகவும் மலிவு.

நாமக்கல்லில் ஏறிய பஸ் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரம் வரை ஒழுங்காகத்தான் வந்தது. உதவி இயக்குநர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மலை.

கொல்லிமலைச் சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் பலகை நட்டு எண் போட்டிருக்கிறார்கள். 1/70, 2/70 என்று. தமிழ்நாட்டில் இவ்வளவு நேர்மையாக எச்சரிக்கும் சாலை குறைவு. முதல் ஐந்து வளைவுகளில் அவர் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்: 'இங்கே முதல் ஸ்கார்ப்பியோ கவிழ்கிறது', 'இங்கே நாயகன் கையெறி குண்டு'. பத்தாவது வளைவுக்குப் பிறகு எழுத்து கோணலானது. பதினைந்தாவதில் பேனா மூடப்பட்டது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவு. அது ஏற்காடாக இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார், அந்நேரம் படகுத்துறைக்கே போயிருக்கலாம். கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இவை எல்லாம் முடிந்து, மேலே இன்னும் முப்பது வளைவு மிச்சமிருக்கிற ஊர் இது.

இருபத்தேழாவது வளைவு எதிரே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்துப் பக்கத்து இருக்கை அம்மாள் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறிக் கொடுத்தார். சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறவர். காலடியில் கோணி, கோணிமேல் இன்னொரு கோணி.

"மோந்துக்கிட்டே வாங்க சாமி. பள்ளத்தப் பாக்காதீங்க, டிரைவர் முதுகப் பாருங்க. எத்தன பேரு இதுல போயிருக்காங்க, ஒண்ணும் ஆவாது."

உதவி இயக்குநர் டிரைவரின் முதுகைப் பார்த்தார். தான் எழுதிய வில்லன்களை நினைத்துப் பார்த்தார். ஆறு வண்டி, வண்டிக்கு ஐந்து பேர், ஆக முப்பது அடியாட்கள். கறுப்புக் கண்ணாடி, கறுப்புச் சட்டை. முந்தின காட்சியில்தான் அவர்கள் எல்லாரும் வில்லனின் தோட்டத்து பங்களாவில் பிரியாணி சாப்பிட்டிருந்தார்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் எழுபது வளைவு. துப்பாக்கியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதற்கு முன்னால் வேறு பல காரியங்களுக்காக அவர்கள் தலையை வெளியே நீட்ட வேண்டியிருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

செம்மேட்டில் இறங்கி, சுக்குக்காப்பி குடித்து, உலகம் சுற்றுவது நின்ற பிறகு, அவர் டிரைவரிடமே போய்க் கேட்டார்: "அண்ணே, இந்த ரோட்டுல 120-ல போக முடியுமா?"

டிரைவர் சிரிக்கவில்லை. உடம்பு சரியில்லாத ஆளிடம் பேசுகிற அக்கறையோடு, "எதுக்குங்க தம்பி?" என்றார்.

"சினிமாவுக்கு."

"ஓ, சினிமாவுக்கா? அப்ப போலாமுங்க. வண்டி மட்டும் போவும். ரோடு அங்கியே நின்னுக்கும்."

இது வெறும் நக்கல் இல்லை. மலைச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிகளில் கொண்டை ஊசி வளைவுக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. வளைவின் உள்விளிம்பு ஆரம் குறைந்தது 14 மீட்டர். வடிவமைப்பு வேகம் குறைந்தது மணிக்கு 20 கிலோமீட்டர். அதாவது பொறியாளர்கள் பேனா பிடித்து உட்கார்ந்தபோது அவர்கள் மனக்கண்ணில் ஓடிய வண்டியே இருபதில்தான் ஓடியிருக்கிறது. காய்ந்த சாலை, நல்ல டயர், தேர்ந்த கை எல்லாம் சேர்ந்தாலும் அந்த மாதிரி வளைவில் நாற்பதைத் தாண்டினால் டயர் பிடியை விட ஆரம்பிக்கும். நூற்றிருபதில் நுழைகிற ஜீப்புக்கு வளைவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது நேராகத் தன் வழியில் போய்விடும், வழியில் காற்று மட்டுமே இருக்கும்.

கணக்கை இன்னொரு பக்கமாகவும் போடலாம். தமிழ்ப் படத்தில் சேஸிங் நான்கு நிமிடம் ஓடினால் அதிகம். 240 விநாடியை எழுபது வளைவுக்குப் பங்கு வைத்தால் வளைவுக்கு மூன்றரை விநாடிகூடத் தேறாது. நிஜ பஸ் ஒரு வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்து, எதிரே லாரி இருக்கிறதா என்று ஒலி எழுப்பி, இரண்டாம் கியருக்கு இறங்கி, திரும்பி நிமிர்வதற்குள் படத்தில் வில்லனின் தம்பி செத்து, அதற்குப் பழிவாங்கும் சபதமும் முடிந்திருக்கும்.

சரி, தமிழ் ரசிகன் இதையெல்லாமா கேட்கிறான்? கேட்கமாட்டான். அதற்குக் 'கைதி'யே சாட்சி.

கதையை மறந்தவர்களுக்குச் சுருக்கமாக: பத்து வருடச் சிறை முடிந்து, பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் புறப்படுகிறான் டில்லி, அதாவது கார்த்தி. போகும் வழியில் போலீஸ் பிடித்துவைக்கிறது. அதே இரவில் ஐ.ஜி. வீட்டு விருந்தில் யாரோ மதுவில் மருந்தைக் கலந்துவிட, அதிகாரிகள் கூட்டமாகச் சரிகிறார்கள். கையில் கட்டோடு, குடிக்காமல் இருந்த பிஜாய் (நரேன்) மட்டும் தெளிவாக நிற்கிறார். மயங்கியவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போக இருப்பது காமாட்சியின் கேட்டரிங் லாரி. கனரக வண்டி ஓட்டத் தெரிந்தவன் டில்லி. வழி முழுக்கக் காடு, கல்குவாரி, ரவுடிக் கூட்டம். மறுபக்கம், கல்லூரி மாணவர்கள் சிலரை வைத்துக்கொண்டு கமிஷனர் அலுவலகத்தைக் காப்பாற்றும் கான்ஸ்டபிள் நெப்போலியன். அந்த வேடத்தில் ஜார்ஜ் மரியான் வந்து நின்றபோது தமிழ்நாடே எழுந்து கை தட்டியது. இயக்கியவர் லோகேஷ் கனகராஜ். கடைசியில் நாயகன் சுழலும் பல குழல் துப்பாக்கியை இயக்கி எதிரே வந்த எல்லாரையும் துவம்சம் பண்ணுகிறான்.

இந்தப் படத்துக்கு உலகத்திலேயே கறாரான விமர்சகர்கள் இருக்கும் ஊர் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளும், கேஸ் டேங்கர் உரிமையாளர்களும், மூன்று தலைமுறையாக ஸ்டியரிங் பிடித்த குடும்பங்களும் நிறைந்த ஊர் லாரிப் படத்தைச் சும்மா விடுமா? செம்மேட்டு டீக்கடையில் உதவி இயக்குநரைச் சுற்றி அப்படி ஒரு குழு சேர்ந்துவிட்டது. நடுநாயகமாக, டேங்கர் ஓட்டி ஓய்வுபெற்று மலையில் மிளகுத் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்.

முதுகில் அத்தனை கத்திக்குத்து வாங்கியும் டில்லி எழுந்து நிற்கிறானே? அதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. "நெத்தியில திருநீறு இருக்குதில்லீங்க" என்று முடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய துப்பாக்கி ஒரு கமிஷனர் அலுவலகத்தில் தயாராக எப்படி இருந்தது? அதுவும் பரவாயில்லை, அரசாங்கச் சொத்து, எங்கேயும் இருக்கும்.

பெரியவருக்கு உறுத்தல் வேறு.

"ராத்திரி பூரா ஓட்டறான். காட்டுக்குள்ள, கல்லு மேல எல்லாம் ஏத்தி இறக்கறான். ஒரு எடத்துல நிறுத்தி டயரத் தட்டிப் பாத்தானா?"

லாரி நிறுத்தும் இடங்களில் விடியற்காலை நின்று கவனித்தவர்களுக்கு இது தெரியும். டிரைவரோ கிளீனரோ ஜாக்கி லிவரையோ இரும்புத் தடியையோ எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டுவார். காற்று நிறைந்த டயர் தடியைத் துள்ளித் தள்ளும், 'டங்' என்று சுருக்கமாகச் சத்தம் கொடுக்கும். காற்று இறங்கிய டயர் 'தொப்' என்று அடியை வாங்கிக்கொள்ளும். பின்பக்கம் இரட்டை டயரில் உள் டயர் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். பெரியவர் நாற்பது வயதுவரை இந்தக் காதை வைத்தே பிழைத்தவர். போலீஸ்காரர்கள் உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் டில்லி அதைச் செய்யவில்லை என்பதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

கூட்டத்தில் கல்யாணச் சமையல் வேலைக்குப் போகிற ஒருவர் இருந்தார். டயரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. டில்லி பாத்திரத்தோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிற காட்சியில்தான் அவருக்கு மனத்தாங்கல்: "அவ்வளவு பேருக்கு ஆக்குன விருந்துல மிச்சம் பிரியாணி அப்படியா இருக்கும்? அடிப்பிடிச்சதுதானே இருக்கும்?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் செவிலியர், மயங்கினவர்களை மல்லாக்கப் படுக்கவைத்தே லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்று சந்தேகப்பட்டார், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அப்புறம் ரவுடி வந்து கொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. காப்பி வியாபாரி ஒருவர் 'கைதி'யை விட்டுவிட்டு நேராக 2023-இல் வந்த 'லியோ'வுக்குப் போனார். இமாச்சலத்துக் குளிரில் காப்பிக்கடை நடத்தும் பார்த்திபன் கழுதைப்புலியை அடக்குகிறார், சரி. ரவுடிகளைச் சாய்க்கிறார், அதுவும் சரி. காப்பிக்கொட்டை எங்கே வாங்குகிறார் என்று படத்தில் ஒரு வார்த்தை வேண்டாமா?

இதை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் அதிரடிப் படம் எடுப்பவர்கள் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான்: தமிழ் ரசிகன் புவியீர்ப்பைத் தள்ளுபடி செய்வான், தோட்டாக் கணக்கைத் தள்ளுபடி செய்வான். தன் தொழிலை மட்டும் விட்டுத் தரமாட்டான். ஆகவே ஒரு படத்தில் லாஜிக் இருக்கிறதா என்பது தியேட்டரில் அன்றைக்கு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வக்கீல் வந்திருந்தால் கோர்ட் காட்சியில் மாட்டுவீர்கள். நாமக்கல் தியேட்டரில் லாரியை ஓடவிடுகிறவருக்கு நிஜமாகவே துணிச்சல் அதிகம்.

உதவி இயக்குநர் கொஞ்சம் சோர்ந்துபோய், "நீங்கல்லாம் சினிமாவோட சம்பந்தம் இல்லாதவங்க, உங்களுக்கு அப்படித்தான் தோணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. சென்னையிலிருந்து த்ரில்லரைத் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு வருவது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற கதை.

1997 ஜனவரி 1-ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலத்தில்தான் ஏற்காட்டு அடிவாரச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய தொழிற்சாலை. இன்றைக்கு அதன் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. அதை நிறுவிய டி.ஆர்.சுந்தரத்தின் பெயரில் உள்ள 'டி' திருச்செங்கோட்டைக் குறிக்கும். அதுவும் இன்றைக்கு நாமக்கல் மாவட்டம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் தலைநகரம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர், துணி நெய்யாமல் கதை நெய்ய உட்கார்ந்தார். 1940-இல் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் மோதவிட்டு 'உத்தம புத்திரன்'. 1950-இல் நம்பியாருக்குப் பதினொரு மாறுவேடம் போட்டுத் துப்பறியவிட்ட 'திகம்பர சாமியார்'. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1963-இல் அவர் மறைந்த பிறகும் கடை மூடவில்லை. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டாக்கியதும் இதே நிறுவனம்தான். சேலம் வட்டாரத்துப் பெரிசுகளுக்கு ரகசிய அறை, சுழலும் சுவர், சிவப்பு விளக்கு எரியும் வில்லன் கூடாரம் எல்லாம் சொந்த ஊர்ச் சமாச்சாரம்.

மலையையும் த்ரில்லரையும் கோத்துக் கட்டியதும் அவர்களே. 1950-இல் வந்த 'மந்திரி குமாரி', அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர்.சுந்தரமும் இயக்கியது, வசனம் மு.கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். அதில் ராஜகுருவின் மகன் பார்த்திபன், மனைவியை இனிமையாகப் பாடி அழைத்துக்கொண்டு மலையுச்சிக்குப் போவது அவளைத் தள்ளிவிடத்தான். அவள் கடைசியாக ஒரு முறை கணவனை வலம் வர அனுமதி கேட்டு, பின்பக்கம் வந்ததும் அவனையே தள்ளிவிடுகிறாள். கரு குண்டலகேசியிலிருந்து வந்தது. கவனியுங்கள், சேஸிங் இல்லை, ஸ்கார்ப்பியோ இல்லை, மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பேர் நடக்கிறார்கள். எழுபது வருடத்துக்கும் மேலாக அந்தக் காட்சியில் மனம் பதைக்கிறது. (அன்றைய வில்லன் பெயர் பார்த்திபன், 'லியோ' நாயகன் பெயரும் பார்த்திபன். பெயருக்கு எழுபது வருடத்தில் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.)

அதற்கும் முன்னால் போனால் ஓரி.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறார்கள், வில்வித்தைப் போட்டியும் நடக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான இந்தக் கொல்லிமலைத் தலைவனைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. எந்த மாஸ் படத்து அறிமுகக் காட்சியையும் எடுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஒரு தோட்டாவில் ஐந்து அடியாட்களைச் சாய்க்கிற நாயகனைப் பார்த்து நாம் சிரிப்பது நியாயமில்லை, அது இந்த மண்ணின் மரபுரிமை. அம்போடு பாட்டு முடியவில்லை. வழியில் வந்த பாணர் கூட்டம் இவன்தான் ஓரி என்று ஊகித்துப் பாடிப் புகழ்கிறது. தன் பெயரைக் கேட்டதும் அவன் வெட்கப்படுகிறான். பிறகு மான் இறைச்சியும் பொன்னும் அள்ளிக் கொடுக்கிறான். சண்டை, அடக்கம், அன்னதானம்: நம்முடைய நட்சத்திர நாயகர்கள் முதல் இருபது நிமிடத்தில் செய்கிற அத்தனையும் ஒரே பாட்டில் இருக்கிறது. வெட்கப்படுவது மட்டும் இப்போது பழக்கத்தில் குறைந்துவிட்டது.

படம் எடுக்கிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஓரியின் குதிரைக்கும் பெயர் ஓரி. அவனைப் போரில் கொன்ற மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. 'ஓரிமேல் ஏறி ஓரி வந்தான், காரிமேல் ஏறிக் காரி வந்தான்' என்று வசனம் எழுதினால் டப்பிங் அறையில் குழப்பம் நிச்சயம். கதாநாயகி இல்லையே என்று வருந்துகிறவர்களுக்குக் கொல்லிப்பாவை இருக்கிறாள். இடி விழுந்தாலும் காற்று அடித்தாலும் வடிவம் குலையாதவள் என்பது சங்கப் பாட்டு. அழகால் மயக்கிச் சிரித்தே ஆளைக் கொல்லுவாள் என்பது பின்னால் வளர்ந்த கதை. இன்றைக்கு எட்டுக்கை அம்மனாக வணங்குகிறார்கள். அந்தக் கோயில் பக்கம் போன உதவி இயக்குநர் அவளை வைத்துக் கவர்ச்சி நடனம் எழுதும் யோசனையை வாசலிலேயே கைவிட்டார். அங்கே பார்த்த பூசாரியின் முகம் அப்படி.

இரவு தங்கிய இடத்தில் அவர் பெரியவரைக் கூப்பிட்டு லேப்டாப்பில் ஒரு படம் போட்டார். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1971-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டூயல்'. கலிபோர்னியப் பாலைவனச் சாலையில் சிவப்புக் காரில் போகும் அப்பாவி ஒருவரை ஒரு துருப்பிடித்த டேங்கர் லாரி காரணமே இல்லாமல் துரத்துகிறது. டேங்கர் டிரைவரின் கையும் பூட்சும் தெரியும், முகம் கடைசிவரை தெரியாது. உலகம் முழுக்க ஜனங்கள் அந்தக் கார்க்காரருக்காக நகம் கடித்த படம். நாமக்கல் டேங்கர் டிரைவருக்கு அதைப் போட்டுக் காட்டுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உதவி இயக்குநர் யோசிக்கவில்லை.

"மொதல்ல ஓவர்டேக் பண்ணது யாருங்க தம்பி? காருதானே?"

ஆமாம், கார்தான்.

"லோடு வண்டி அது பாட்டுக்கு உருண்டுக்கிட்டு இருக்குது. இவன் வந்து உரசிட்டுப் போறான். எங்கள மாதிரி ஆளுக்கு அதுக்கு மேல காரணம் எதுக்குங்க?"

படத்தின் தொடக்கத்தில், பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவர் ரேடியேட்டர் ஓஸை மாற்றச் சொல்கிறார், கார்க்காரர் கேட்பதில்லை. பிறகு ஏற்றத்தில் அந்த ஓஸ் வெடித்துக் கார் திணறும்போது உதவி இயக்குநர் பதைபதைத்தார். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார்: "பங்க்கு பையன் சொன்னானா இல்லியா?" அவரைப் பொறுத்தவரை படத்தின் நாயகன் அந்த பங்க் பையன்தான்.

நடுநடுவே படத்தை நிறுத்தச் சொல்லி விளக்கமும் கொடுத்தார். முழுக்க நிரப்பிய டேங்கரை ஓட்டுவது சுலபம், பாதி நிரப்பியதுதான் எமன். உள்ளே இருப்பது அலையடித்து, பிரேக் போட்டால் முன்னால் வந்து இடிக்கும், வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். அதற்காகவே உள்ளே துளை போட்ட தடுப்புத் தகடுகள் உண்டு. மலை இறங்கும்போது பிரேக்கை நம்பக் கூடாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவன் பத்து வளைவுக்குள் லைனர் கருகும் வாசனையைப் பிடிப்பான், அப்புறம் மிதித்தாலும் கால்தான் போகும். மங்களூருவிலிருந்து கேஸ் ஏற்றிக்கொண்டு ஷிராடி மலைச்சாலையில் வந்த இரவுகளை அவர் சொன்னபோது, லேப்டாப்பில் ஓடிய படத்தைவிட அதுதான் நெஞ்சை அடைத்தது. துரத்த ஒருத்தனும் இல்லை, வில்லன் என்றால் அந்தச் சரிவுதான்.

கடைசிக் காட்சியில் டேங்கர் பாறை விளிம்பைத் தாண்டி மெதுவாகப் பள்ளத்தில் உருள்கிறது. கார்க்காரர் துள்ளிக் குதிக்கிறார். பெரியவர் கண்கலங்கிவிட்டார்.

"டியூ முடிஞ்ச வண்டியாங்க அது?"

ஸ்பீல்பெர்க் அதைச் சொல்லவில்லை. ஆனால் விழுந்த டேங்கர் தீப்பிடித்து வெடிக்கவில்லை என்பதைப் பெரியவர் உடனே கவனித்துப் பாராட்டினார். எங்கே விழுந்தாலும் வெடித்தாக வேண்டும் என்று வண்டிக்கு ஒரு விதியும் இல்லை, நம்ம ஊர்ப் படத்தில் சைக்கிள்கூட வெடிக்கிறது என்றார்.

அன்று ராத்திரியே உதவி இயக்குநர் திரைக்கதையைத் திருத்தினார். ஆறு ஸ்கார்ப்பியோ போனது. 120 கிலோமீட்டர் போனது. புதிய கிளைமாக்ஸ் இது: நாயகன் பலாப்பழம் ஏற்றிய மினி லாரியில் கீழிருந்து ஏறுகிறான். வில்லன் போதைப்பொருள் பெட்டியோடு கடைசி பஸ்ஸில் மேலிருந்து இறங்குகிறான். இருபத்தேழாவது வளைவில் இரண்டு வண்டியும் நேருக்கு நேர். மலைச் சாலை விதிப்படி ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வில்லன் துப்பாக்கியை எடுத்து டிரைவர் தலையில் வைத்து 'நேராப் போடா' என்கிறான். டிரைவர் அசையவில்லை, விதி விதிதான். கண்டக்டர் இறங்கி விசில் ஊதி, 'வா, வா, ஒடி, ஒடி' என்று பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைக்கிறார். பள்ளத்தின் ஓரத்தில் பின் சக்கரம் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. வில்லனுக்கு வியர்க்கிறது. வயிற்றைப் பிரட்டுகிறது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறான். பக்கத்து இருக்கை அம்மாள் எலுமிச்சம்பழம் நீட்டுகிறார்.

எங்கள் அபிப்பிராயத்தில் தமிழில் சமீபத்தில் எழுதப்பட்ட சிறந்த கிளைமாக்ஸ் இது. தயாரிப்பாளரும் போனில் கேட்டுவிட்டு, செலவு ஒரு பஸ், ஒரு மினி லாரி, ஒரு எலுமிச்சம்பழம் என்றதும் உணர்ச்சிவசப்பட்டார்.

மறுநாள் செம்மேட்டுப் பஸ் நிலையத்தில் அதே டிரைவரிடம் அவர் காட்சியைப் படித்துக் காட்டினார். டிரைவர் ரசித்துக் கேட்டார். முன்னுரிமை சரி. விசில் சரி. பின் சக்கரம் ரொம்பச் சரி. கண்டக்டரைக் கூப்பிட்டு இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

"நல்லாருக்குதுங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு. வில்லன் ராத்திரி கடைசி பஸ்ல எறங்கறான்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாண்ணே."

"கடைசி பஸ் மேல வந்தா இங்கியே ஹால்ட்டுங்க. ராத்திரி கீழ போவாது."

"அப்ப வில்லன் எப்படிண்ணே இறங்குவான்?"

டிரைவரும் கண்டக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடியக்காலைல மொத பஸ் இருக்குதுங்க. அதுல சீட்டுப் போட்டு வெச்சிரலாம்" என்றார் கண்டக்டர்.